காஜா பெராங் கோயில் புத்தகத்தில் ஒரு வரி

காலை 6.40

சிரம்பானிலிருந்து மலாக்காவுக்கு ஐம்பத்து நான்கு மைல். பஸ் கட்டணம் இரண்டு வெள்ளி இருபது காசு. முதல் பஸ் ஆறரைக்கு என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஆனால் டிரைவர் காப்பியைக் குடித்து, சுருட்டைப் பாதியில் அணைத்துக் காதில் செருகிய பிறகுதான் வண்டி கிளம்பும். நான் பள்ளிக்கூட வாத்திச்சி. மணியடித்தால் எழுந்து நிற்கும் பிள்ளைகளோடு பதினாறு வருஷம் இருந்தவள். பத்து நிமிஷத் தாமதத்துக்கே அவரை முறைத்துப் பார்த்தேன். அவர் நிதானமாக எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

இது 1958 சனவரி. சுதந்திரம் வந்து ஐந்தாவது மாதம். ஆகஸ்டில் கட்டிய காகிதக் கொடிகள் பஸ் நிலையத்துக் கம்பங்களில் சாயம் போய் இன்னும் தொங்குகின்றன. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு. அதற்குள் போய், காரியத்தை முடித்து, மாலைப் பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

காரியம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1946-ல், ஜப்பான்காரன் போன மறு வருஷம், மலாக்கா காஜா பெராங்கில் எனக்கு ஒரு மகள் பிறந்தாள். எட்டாம் மாதத்துப் பிள்ளை. ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தாள். அதற்குள் ஞானஸ்நானம் பெற்று, மரியா என்ற பெயரோடு இறந்துபோனாள். நான் ரத்தப்போக்கில் நினைவு தப்பிக் கிடந்தேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவளை அடக்கம் செய்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கல்லறையில் சிசுக்களைப் புதைக்கும் மூலையில் யாருக்கும் கல் கிடையாது. அவள் இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி, காஜா பெராங் சூசையப்பர் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு வரி.

சிரம்பானுக்கு மாற்றலாகி வந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை மலாக்கா போவேன். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவேன். அந்த வரியின் மேல் விரலை வைத்துவிட்டுத் திரும்பி வருவேன். பைத்தியக்காரத்தனம் என்று என் வீட்டுக்காரர் சொன்னதில்லை. அவரும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போன ஆறு மாதத்தில் அந்தப் புத்தகமும் எரிந்துபோயிற்று.

காலை 8.05, தம்பின்

ரெம்பாவ் தாண்டியதும் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோருடைய அடையாளக் கார்டையும் பார்த்தார்கள். மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோகக் கூடாதாம். என் பையில் இருந்தது ஒரு செபமாலை, ஒரு சேலை, இரண்டு இட்லி. இட்லிப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்து, மரியாதையாக மடித்துக் கொடுத்தார்கள்.

தம்பினில் பஸ் கால் மணி நேரம் நின்றது. இங்கிருந்து மலாக்காவுக்கு முன்பு ரயில் ஓடியது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோய்விட்டான். தண்டவாளம் போன தடத்தில் இப்போது லாலான் புல் வளர்ந்திருக்கிறது.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அலோர் காஜாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவர். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"காஜா பெராங்கா? அங்கதான கோயில ஒடச்சி எரிச்சாங்க?"

"ஆமா."

"யாருன்னு புடிச்சாங்களா?"

"லாரியில வந்தாங்க, லாரியில போய்ட்டாங்க. அவங்க யாருன்னு தெரிஞ்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்?"

நடந்தது நான் உபதேசியார் வாயால் கேட்டதுதான். அந்தக் கோயிலில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துத் தலையில் தண்ணீர் ஊற்றிக் கிறிஸ்து வேதத்தில் சேர்க்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாது. ஒரு பிற்பகல் கும்பல் வந்தது. பெரும்பாலோர் வெளியூர். நாலைந்து பேர் தெரிந்த முகம். சுரூபச் சிலைகளை உடைத்தார்கள். பெஞ்சுகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். தண்ணீர் ஊற்றியதற்கு அத்தாட்சி என்று அலமாரியிலிருந்த புத்தகங்களைத் தேடி எடுத்து அந்தத் தீயில் போட்டார்கள். ஆள் சேதம் இல்லை என்று மறுநாள் எல்லோரும் ஆறுதல் சொல்லிக்கொண்டார்களாம். எனக்கு அந்தச் செய்தி கடிதத்தில் வந்தபோது, ஒரு ஆள் போய்விட்டாள் என்றுதான் தோன்றியது.

காலை 9.50, மலாக்கா

ஆற்றோரம் இறங்கினேன். சேறும் பெலாச்சான் இறால் விழுதும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. ஊர் மாறவில்லை. மாறாமல் இருப்பதே சில சமயம் மனுஷனைப் படுத்துகிறது. காஜா பெராங் ஒன்றரை மைல். மூன்று சக்கரத் திரிஷா மிதிக்கிறவருக்கு நாற்பது காசு பேசினேன். அவர் மலாய்க்காரர். வயசு என்னைவிடக் கூட இருக்கும்.

"கெரெஜாவுக்கா?" என்று கேட்டார். மாதா கோயிலுக்கு மலாயில் அதுதான் பேர். "கூரை போட்டாச்சு. தகரம். மழை பெய்தால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும்."

தூக்கம் கெடுகிறதா என்று கேட்டேன். "சத்தம் இல்லாமல் கிடந்ததைவிட இது மேல்" என்றார்.

காலை 10.20, சூசையப்பர் கோயில்

பாதிச் சுவர் பழையது. மேலே போகப் போகப் புதுச் செங்கல். பூச்சு இன்னும் ஆகவில்லை. சன்னல்களுக்குக் கண்ணாடி வரவில்லை, சாக்கு கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்கள் முக்காட்டை அவிழ்க்காமலே வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களாம். பீடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீனத் தச்சர் செய்து கொடுத்த மேசை. அதன் ஓரத்தில் தலையில்லாத சூசையப்பர் கையில் லீலி மலரோடு நின்றார்.

உபதேசியார் ஞானப்பிரகாசம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எனக்குக் கடிதம் எழுதியவர் இவர்தான்.

"வாங்க டீச்சர். சூசையப்பரப் பாத்து பயந்துட்டீங்களா? தலையத் தேடிக்கிட்டு இருக்கோம். எப்படியும் வந்துரும்."

எப்படி வரும் என்று கேட்டேன். அவர் கேட்டைக் காட்டினார். கோயிலில் எல்லாம் புதிதாக வைத்தவர்கள் கேட்டுக்கு மட்டும் பூட்டு வைக்கவில்லை. எரித்த மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலை, கேட்டுக்கு உள்ளே பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிய ஒரு மெழுகுவத்தித் தண்டு இருந்ததாம். அடுத்து ஒரு மணி. ஒரு நாள் ஒரு பெஞ்சின் கால். எடுத்துக்கொண்டு போனவர்களோ, அவர்கள் வீட்டுப் பெண்களோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

"யாருன்னு பாக்க ஒளிஞ்சி நிக்கக் கூடாதுன்னு சாமியார் சொல்லிட்டாரு. பாத்தா அப்புறம் வரமாட்டாங்க. நாங்களும் வாசப்பக்கம் போறதில்ல."

புத்தகம்? எரிந்த காகிதத்தை யார் திருப்பிக் கொண்டுவந்து வைப்பது? அதற்கு வேறு வழி செய்திருக்கிறார்கள். மாமரத்தடியில் ஒரு மேசை, அதன் மேல் தடித்த புதுப் புத்தகம். பங்கு மக்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பிள்ளைக்கு எந்த வருஷம், யார் கையால் ஞானஸ்நானம் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பெற்றவர்கள் சொன்னால் மட்டும் போதாது. கண்ணால் பார்த்த ஒருவர் கூட நின்று சாட்சி சொல்ல வேண்டும். ஞானத்தாய், ஞானத்தகப்பன்மார்கள் கிள்ளானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கிறார்கள். கல்யாணம் பேசி முடித்து, பூசையில் ஓலை வாசித்து அறிவித்துவிட்டு, மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவன்தான் என்று காட்ட ஆள் இல்லாமல் இரண்டு கல்யாணம் நின்றுகூடப் போயிருக்கிறது. இப்படி நானூறு பேரை ஞாபகத்திலிருந்தே எழுதிவிட்டார்கள். இந்த மாதக் கடைசியில் பழைய வருஷங்களுக்குக் கோடு போட்டு முடித்து, புத்தகத்தை மேற்றிராணியார் என்ற ஆயரின் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும்.

சாமியார் திருச்சிப் பக்கத்துக்காரர். எரிந்த பிறகு வந்து சேர்ந்தவர். நாற்பது வயசு இருக்கும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை பெயர்?"

"மரியா."

"தண்ணீர் ஊற்றியது யார்?"

இங்கேதான் என் வண்டவாளம். பதினொரு வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்லி வந்தவள். மருத்துவச்சி ஊற்றினாள் என்று சொல்லுவேன். அந்த மருத்துவச்சி வேதக்காரி, எங்களைப் போலக் கிறிஸ்தவப் பெண். ஆனால் அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊற்றியது பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்கா. செட்டி வீட்டுப் பெண், மாரியம்மனுக்கு விளக்கேற்றுகிறவள். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கொடுப்பவர் வேதக்காரராக இருக்க வேண்டியதில்லை என்பது சட்டம். அதை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சனிக்கிழமை தோறும் ஞான உபதேச வகுப்பு நடத்தினவள் நான். ஆனால் என் பிள்ளை என்று வந்தபோது சட்டம் எனக்கு இனிக்கவில்லை. உபதேச டீச்சர் பிள்ளைக்கு அன்னியக் கை பட்டது என்று நாலு பேர் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். பழைய சாமியார் புத்தகத்தில் எழுதியபோது, கொடுத்தவர் பெயரைக் காலியாக விடும்படி என் வீட்டுக்காரரை விட்டுக் கேட்டேன். தெய்வானை அக்காவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. அதே வருஷம் சிரம்பானுக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போனேன். வருஷா வருஷம் வந்தும் நாங்கள் குடியிருந்த சந்துப் பக்கம் தலைகாட்டவில்லை.

இதையெல்லாம் சாமியாரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

"அந்த அம்மாள் கொடுத்திருந்தால் செல்லும். அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் இல்லை. மருத்துவச்சி?"

"செத்துட்டாங்க சாமி."

"அப்படியானால் அவரே வந்து சொல்லட்டும். அவர் சொன்னால் எழுதுகிறேன்."

மதியம் 12.10, தெய்வானை அக்கா வீடு

கோயிலிலிருந்து பொடி நடையாக ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை நடக்க எனக்குப் பதினொரு வருஷம் ஆகியிருக்கிறது. நாங்கள் குடியிருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ. அடுத்த வீட்டு நிலையில் மாவிலை கட்டியிருந்தது. கெபாயாவும் சாரோங்கும் உடுத்திய பெண்கள் மூன்று பேர் கூடத்தில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அன்றைக்குப் போகி என்பது உறைத்தது. மலாக்காச் செட்டிகளுக்குத் தமிழ்ப் பேச்சு போய்ப் பல தலைமுறை ஆயிற்று. வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய்தான். ஆனால் போகியன்று இறந்துபோன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைப்பதை ஒரு வருஷம் விடமாட்டார்கள். பார்ச்சு என்பார்கள்.

தெய்வானை அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். "மாசோக், டீச்சர்" என்றார், நேற்றுப் பார்த்தவரைப் போல. உள்ளே வரச் சொல்கிறார். நாங்கள் பேசியதெல்லாம் மலாயில். தமிழில் சொல்கிறேன்.

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா. ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"பதினொரு வருஷம் கழிச்சு வந்து ஒரு உதவிதானா? நிறையக் கேளு."

குத்தலா, கேலியா என்று தெரியவில்லை. இரண்டும்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த அகப்பை நின்றது. கூடத்தில் இலை துடைத்த பெண்களைப் பார்த்துவிட்டு, என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மெதுவாப் பேசு. இங்க யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

"எது?"

"நான் தண்ணி ஊத்தினது. தலையில தண்ணி ஊத்தினாங்கன்னுதானே அந்தக் கோயிலக் கொளுத்தினாங்க. ஊத்தினவ இந்தச் சந்துல இருக்கான்னு தெரிஞ்சா? அவங்க வந்த அன்னிக்கு நான் கதவச் சாத்திக்கிட்டு இந்த மூலையிலதான் உக்காந்திருந்தேன். எரியற வாடை ரெண்டு நாள் போகல. இப்ப அங்க வந்து அந்தப் புத்தகத்துல என் பேர எழுதச் சொல்றியா?"

நான் வெட்கத்தில் மறைத்ததை அவர் பயத்தில் மறைத்திருந்தார். என் வெட்கத்துக்கு ஒரு காரணமும் கிடையாது. அவர் பயத்துக்குக் காரணம் கால் மைல் தூரத்தில் பாதி எரிந்த சுவரோடு நின்றது. மன்னிச்சிருங்கக்கா என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை.

மதியம் 1.00

சாமியாரிடம் திரும்பிப் போய், அவர் வரமாட்டார், நீங்கள் அங்கே வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். இரகசியமாகக் கேட்டு எழுதலாமே என்றேன். மேற்றிராணியாருக்குப் போகும் வரை இந்தப் புத்தகம் கோயில் வளாகத்தைத் தாண்டுவதில்லை என்றார். சாட்சியின் பெயர் இல்லாமலும் எழுத முடியாது என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தலையில்லாத சூசையப்பருக்கு இங்கே இடம் இருக்கிறது, சாட்சி இல்லாத என் பிள்ளைக்கு இடம் இல்லையா சாமி?" என்று கேட்டேன். உபதேசியார் கையைப் பிசைந்தார். சாமியார் கோபிக்கவில்லை.

"அம்மா, உங்கள் பிள்ளை மோட்சத்தில் இருக்கிறாள். அதற்குப் புத்தகம் தேவையில்லை. இதில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வரி சாட்சியில்லாமல் எழுதினாலும், மற்ற நானூறு பேரையும் நாளைக்கு ஒருவன் பொய் என்பான்."

அவர் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்கள் மேல்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வரும். மாமரத்தடிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இட்லியைப் பிரித்தேன், திரும்ப மடித்து வைத்தேன். இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் எதன் மேல் விரலை வைப்பேன்? அவள் பெயர் என் வாயில் மட்டும்தான் இருக்கிறது. நான் போனால் அதுவும் போகும். எனக்கு அவள் வேண்டும். கையில் ஏந்தக் கிடைக்காவிட்டாலும், எங்காவது எழுதியாவது இருக்க வேண்டும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் நினைத்தது அவ்வளவுதான்.

பிற்பகல் 2.50

கேட்டருகே குடை ஒன்று தெரிந்தது. தெய்வானை அக்கா. நல்ல கெபாயா ஒன்றை மாற்றிப் போட்டுக்கொண்டு, பொத்தானுக்குப் பதிலாக மூன்று குரோசாங் நகை ஊசியும் குத்தியிருந்தார். பின்னால் அவர் வீட்டுக்காரர், தலையில் பாத்தேக் துணி கட்டிக்கொண்டு, எதற்காக வெயிலில் இழுத்துவரப்பட்டோம் என்பதை வழியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டவர் முகத்தோடு வந்தார்.

"இவர் கிட்ட சொல்லிட்டேன்" என்றார் என்னிடம். "இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டு வரார். அஞ்சு மணிக்கு இலை போடணும். சீக்கிரம் கேக்கச் சொல்லு."

உபதேசியார் நாற்காலி கொண்டுவந்து போட்டார். சாமியார் பூசைப் புத்தகத்தை நீட்டினார், கை வைத்துச் சத்தியம் செய்ய. அக்கா கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அது உங்க சாமி. நான் எங்க மாரியம்மன் மேல சொல்றேன். போதுமா?"

சாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அவர் தமிழில் கேட்க, நான் மலாயில் சொல்ல, அக்கா சொன்னது இது. விடியற்காலை என் சத்தம் கேட்டு ஓடி வந்தார். என் வீட்டுக்காரர் மருத்துவச்சியைத் தேடிப் போயிருந்தார். பிள்ளை இவர் கையில் விழுந்தது. அழவில்லை, முனகியது. நீலம் பாய்ந்துகொண்டே வந்தது.

"என்ன சொல்லி ஊற்றினீர்கள்?"

தெய்வானை அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழில் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர், பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னார். "மரியா, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரித்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் பண்ணுகிறேன்." ஒரு எழுத்து பிசகவில்லை. நீட்ட வேண்டிய இடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் நீட்டுவது போலவே நீட்டினார்.

எங்கே கற்றார் என்று சாமியார் கேட்டார். அக்கா என்னைக் கையால் காட்டினார்.

"சனிக்கிழமையானா இவ வெராந்தாவுல முப்பது பிள்ளைங்க கத்தும். மூணு வருஷம் கேட்டேன். அர்த்தம் தெரியாது. பிள்ளை சாகற மாதிரி இருந்தா இத சொல்லித் தண்ணி ஊத்தணும்னு மட்டும் ஒரு பையன் கிட்ட கேட்டு வெச்சிருந்தேன். மரியாங்கற பேரும் அங்க கேட்டதுதான்."

"எதற்காக ஊற்றினீர்கள்?"

"அவ அம்மா முழிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பாளோ, அதச் செய்யணும்னு."

நான் இதை மொழிபெயர்க்க வாயெடுத்தேன். முடியவில்லை. உபதேசியார்தான் சொன்னார். சாமியார் பேனாவைத் திறந்து எழுதினார். மரியா என்று எழுதினார். என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர். கொடுத்தவர் என்ற இடத்தில், பெயர் எழுதவா என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதச் சொல்லு" என்றார் அந்த மனுஷர். "எரிக்கிறவன் வந்தா வரட்டும். நம்ம வீட்டு கேட்டையும் பூட்டறதில்ல."

தெய்வானை என்று எழுதி, அருகில் அவர் பெருவிரலை உருட்டி எடுத்தார்கள். மை காயும் வரை நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் காலில் விழப் போனேன். மையாகிவிடும், கெபாயா வெள்ளை என்று என்னைத் தள்ளி நிறுத்தினார்.

மாலை 4.50

சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். என் கடைசிப் பஸ் ஆறேகாலுக்கு. கூடத்தில் சுவரோரம் இலைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, மீன் பிண்டாங் குழம்பு, கோழிக் கறி, மிளகாய் அரைத்த சம்பால், குவே பலகாரம், பழம். சாம்பிராணிப் புகை சன்னல் வெளிச்சத்தில் சுருண்டது. அக்கா ஒவ்வொரு இலையாக எனக்குச் சொன்னார். இது மாமனார், இது மாமியார், இது ஜப்பான் காலத்தில் போன கொழுந்தன். ஏழாவது இலை கடைசியில் இருந்தது. மற்றவற்றில் பாதி அகலம்.

"இது உன் மக" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் குனிந்து அந்த இலையில் ஒரு பழத்தை நேராக வைத்தார்.

"என் கையில போன பிள்ளை. விட முடியுமா? மொத வருஷம் பால் மட்டும் வெச்சேன். அடுத்தாப்புல பிசுக்கோத்து. பல் வந்திருக்கும் இல்ல? அப்புறம் குழைஞ்ச சோறு. வீட்டுல கேட்டப்ப என் தங்கச்சி பிள்ளைன்னு சொல்லி வெச்சேன். இப்ப பதினொரு வயசாச்சு. இந்த வருஷந்தான் சம்பால் வெச்சிருக்கேன். கொஞ்சமா. பழகட்டும்."

பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடும் நேரம் அது. முற்றத்தில் அவர்களோடு நானும் நின்றேன். அந்தக் கதவுக்குப் பின்னால் என் மகள் பெரியவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நினைத்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடவேண்டும் போல இருந்தது. அவ்வளவு ஆசை எனக்கு வாழ்க்கையில் வேறு எதன் மேலும் வந்ததில்லை.

கதவைத் திறந்து, படைத்ததைப் பகிர்ந்து எல்லோரும் உட்கார்ந்தோம். அந்தச் சின்ன இலையை அக்கா என் முன்னால் வைத்தார். படைத்த சோற்றை வேதக்காரர்கள் உண்ணலாகாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். யாரும் தடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதை நான் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

மாலை 6.15

பஸ் கிளம்பியது. சிரம்பானில் எனக்கு இரண்டு அறை வீடு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். மலாக்காவில் எரித்த கோயிலுக்குச் சுவரும் கூரையும் எழும்பியிருக்கின்றன. ஒரு புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. போகிக்குப் போகி ஒரு இலை இருக்கிறது. திரும்பிப் போகும் இடம் வீடா, விட்டு வந்த இடம் வீடா என்று இந்த வழியில் எத்தனையோ தடவை குழம்பியிருக்கிறேன். இந்தத் தடவை அந்தக் குழப்பம் இல்லை.

அலோர் காஜாவில் ஒரு பெண் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியவளை என் மடியில் ஏற்றிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும், எல்லோரும் கேட்பதுபோல அவளும் கேட்டாள்.

"ஒங்களுக்குப் பிள்ளைங்க எத்தனக்கா?"

"ஒரே பொண்ணு" என்றேன். "பதினோரு வயசாவுது. இந்த வருஷந்தான் காரம் சாப்பிடப் பழகறா."